அன்றாடப் பொருள், எண் பதினான்கு

என் மதிப்புக்கும், அதைவிடக் கூடுதலாக என் பாசத்துக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவனாகிய நான் வாயால் சொல்ல, தங்கள் அக்காவே கையால் எழுதும் கடிதம் இது. தாங்களும், தங்கள் மனைவியும், மகனும், மருமகளும், மாடியில் குடியிருக்கும் அந்த இருமல்காரரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். (ஒருவர் சௌக்கியம். இன்னொருவரைப் பற்றி இவர் விசாரிக்கவில்லை.)

இப்போது பேனா ஒரு பிறை மாதிரி வளைந்தது, கொஞ்ச தூரம் ஓடியது, பிறகு எதிர்ப்பக்கம் பார்த்து இன்னொரு பிறை போட்டது. அந்த இரண்டு பிறைக்கும் நடுவில் இருப்பது நான் சொன்னது அல்ல. எனக்கு எண்கள் தெரியும், எழுத்துத் தெரியாது. அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் சொல்ல முடியாது, ஆனால் நல்லதாக இருக்காது என்று மட்டும் சொல்ல முடியும். தங்கள் அக்கா என்னோடு பேசி இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. கடிதம் எழுத வேண்டும் என்றேன். அவள் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துச் சொன்னாள்: “பேசறது வேற, எழுதித் தர்றது வேற. முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆபீஸ்ல உட்கார்ந்து, ஹெட்மாஸ்டர் வாய்க்கு வந்த அபாண்டத்தையெல்லாம் ஒரு வார்த்தை மாத்தாம எழுதியிருக்கேன். இதையும் எழுதறேன்னு சொல்லு. ஆனா எனக்குச் சொல்ல வேண்டியது இருந்தா அடைப்புக்குறிக்குள்ள போட்டுக்குவேன். அது என்னன்னு யாரும் கேக்கக் கூடாதுன்னு சொல்லு.” காலண்டர் ஒப்புக்கொண்டது. நானும் ஒப்புக்கொண்டேன். வேறு யாரிடம் போவது? எனக்குத் தெரிந்த இன்னொரு படித்தவர் பல் டாக்டர். அவர் எழுத்தை மருந்துக்கடைக்காரர் ஒருவரால்தான் படிக்க முடியும்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி பஸ்ஸில் தங்கள் அக்கா தங்கள் வீட்டுக்கு வருவதாக இருக்கிறாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். “பெட்டியைப் பார்த்துத் தெரிஞ்சுக்கச் சொல்லு” என்று கதவிடம் சொன்னாள். பரண்மேல் இருந்து இறக்கியிருப்பது சின்னப் பெட்டி இல்லை. இரண்டு வார் போட்டுக் கட்டுகிற பெரிய பெட்டி. கம்பளிகூட உள்ளே போய்விட்டது. வெயில் காலம் ஆரம்பித்து மூன்று நாள்தான் ஆகிறது. ஆகவே, இந்த வழக்கைத் தாங்கள் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தப்பு என்மேல் என்றால் பத்து நாள் வைத்திருந்து அனுப்புங்கள். தப்பு அவள்மேல் என்றால் அதே பஸ் சாயங்காலம் திரும்பும்போது ஏற்றிவிடுங்கள். பத்து நாளுக்குமேல் என்பது இரண்டு தீர்ப்பிலும் வேண்டாம்.

நான் நாற்பத்தொரு வருஷம் இரும்புச் சாமான் கிடங்கில் வேலை பார்த்தவன் என்பது உனக்குத் தெரியும். (மேலே ‘தாங்கள்’, இங்கே ‘உனக்கு’. அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.) எந்த அலமாரியில் எந்தத் தட்டில் எந்த ஆணி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். ஒரு தடவை முதலாளி எல்லா டப்பாவிலும் பேர் எழுதி ஒட்டினார். ஒட்டிய மறுநாளிலிருந்து கடைப் பையன்கள் எல்லாரும் கீல் கேட்டவர்களுக்குத் தாழ்ப்பாள் எடுத்துக் கொடுத்தார்கள். அந்த இரண்டு டப்பாவின் பேரும் மாறி ஒட்டியிருந்தது. நான் ஒருவன்தான் சரியாகக் கொடுத்தேன், படிக்கத் தெரியாததால். என் ஞாபகம் அப்படிப்பட்டது. என் கல்யாணத்தன்று உனக்கு ஒன்பது வயது. நீ போட்டிருந்த நீலச் சட்டையின் மூன்றாவது பொத்தான் நான்காவது ஓட்டையில் இருந்தது. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மழையில் என் குடையை வாங்கிக்கொண்டு போனாய். கறுப்புத் துணி, வளைந்த மரக் கைப்பிடி, ஆறாவது கம்பி ஒடிந்து நானே செப்புக் கம்பி சுற்றிக் கட்டியது. அது இன்னும் திரும்பி வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஞாபகமாகச் சொல்கிறேன்.

வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகு இந்த ஞாபகத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. உன் அக்கா கரண்டியை எங்கே வைத்தாள், நேற்று எங்கே வைத்தாள், போன வாரம் எங்கே வைத்தாள் என்று உதவியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். (உதவி!) இரண்டு மாதம் பொறுத்தாள். அப்புறம் ஒருநாள் நூலகத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பை வாசித்துக்கொண்டு வந்து சொன்னாள்: “சனிக்கிழமை காலையில லைப்ரரியிலயே டிராயிங் கிளாசாம். வீட்டுல இருக்கற அன்றாடப் பொருளையெல்லாம் வரையச் சொல்லித் தர்றாங்களாம். பெரியவங்களுக்கு மட்டும். எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டிய அவசியமில்லைன்னு போட்டிருக்கு. உங்களுக்குன்னே அச்சடிச்ச மாதிரி இருக்கு.” என்னைக் கூட்டிக்கொண்டு போய், பேர் கொடுத்து, பென்சில் வாங்கி, பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்தது அவள்தான். இதைத் தீர்ப்பில் கவனிக்கவும்.

டீச்சருக்கு உன் மருமகள் வயது இருக்கும். மற்ற நாளில் ஏதோ ஓர் ஆபீசில் வீட்டு பிளான் போடுகிற பெண். காதில் எப்போதும் ஒரு பென்சில். முதல் வகுப்பில் மேசைமேல் ஒரு டம்ளரை வைத்து வரையச் சொன்னாள். நான் மேலே ஒரு வட்டம் போட்டேன், கீழே ஒரு வட்டம் போட்டேன், இரண்டு பக்கமும் கோடு இழுத்தேன். வந்து பார்த்தாள். “ஐயா, டம்ளர் வாய் இங்கேருந்து பார்த்தா முழு வட்டமாவா இருக்கு?” என்றாள். “எங்கேருந்து பார்த்தாலும் வட்டம்தானம்மா. இல்லேன்னா மூடி பொருந்தாது” என்றேன். பக்கத்து பெஞ்சுப் பல் டாக்டர் சிரித்தார். அவர் சிரித்திருக்கக் கூடாது. அவர் போட்ட கப்புக்கு அடியில் இரண்டு வேர் இருந்தது. நாற்பது வருஷப் பழக்கம், எதை வரைந்தாலும் கடைசியில் கடைவாய்ப் பல்லாகத்தான் முடிகிறது.

அடுத்த வாரம் நாற்காலி. இங்கேதான் தகராறு ஆரம்பித்தது. நான் வரைந்து முடித்ததும் டீச்சர் கேட்டாள்:

“ஐயா, இதுக்கு எத்தனை கால் தெரியுது?”

“நாலு.”

“நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.”

“பார்க்கறதுக்கு என்னம்மா இருக்கு? பேர்லயே இருக்கே, நாற்காலின்னு.”

“எண்ணுங்க.”

“ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலாவது அந்தப் பக்கம் இருக்கு.”

“அது தெரியுதா?”

“தெரியுமே!”

“எப்படித் தெரியும்?”

“அது இல்லேன்னா நாற்காலி இந்நேரம் விழுந்திருக்குமே.”

அந்தப் பெண் காதிலிருந்த பென்சிலை எடுத்தாள், மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டாள். நான் விடவில்லை. நாற்காலி வரையச் சொல்லிவிட்டு மூன்று காலோடு வரை என்றால் அது முக்காலி. நாற்காலி கேட்டவருக்கு முக்காலி எடுத்துக் கொடுத்தால் எங்கள் முதலாளி என்னை ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார். மூன்று வாரம் நான் நாற்காலிக்கு நாலாவது காலைப் போட்டேன். பின்னால் மறைந்திருப்பதை முன்னால் போட இடமில்லாததால் பக்கவாட்டில் இழுத்துப் போட்டேன். “ஐயா, உங்க நாற்காலி காலை நீட்டிப் படுத்திருக்கு” என்றார் பல் டாக்டர்.

கடைசியில் அந்தப் பெண் என் பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்து, பொறுமையாகச் சொன்னாள்: “ஐயா, தெரிஞ்சதை வரையாதீங்க. தெரியறதை வரையுங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?”

“இல்லய்யா. அதுதான் பாடமே.”

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. பஸ்ஸில் போகும்போது ஒரு கடைப் பலகையைப் பார்த்தேன். அதில் உள்ள எழுத்தெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. சுழி தெரிந்தது, கொம்பு தெரிந்தது, மேலே புள்ளிகூடத் தெரிந்தது. ஆனால் எழுத்து எனக்குத் தெரியாது. அட, அப்படியா சங்கதி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் இதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னேன். அப்போது பேசிக்கொண்டிருந்த காலம். “இதுக்கு ஒரு டீச்சரா? உங்களுக்கு எல்லாம் தெரியும், ஒண்ணும் தெரியாதுன்னு நான் நாற்பத்தேழு வருஷமாச் சொல்லிட்டிருக்கேனே” என்றாள். டீச்சர் ஒரு மாதம் சொன்னதை உன் அக்கா அரை வரியில் சொல்லிவிட்டாள், அதை ஒப்புக்கொள்கிறேன். (எழுதிக்கொண்டேன். கீழே கோடும் போட்டிருக்கிறேன்.)

அப்புறம் வீட்டுப்பாடம் வந்தது. வீட்டில் உள்ள ஒரு பொருளைத் தினமும் அரைமணி நேரம் பார்த்து, ஒரு வாரத்தில் ஒரு படம். மாதக் கடைசியில் எல்லார் படத்தையும் நூலகத்தில் கீழ்க் கூடத்துச் சுவரில் மாட்டுவார்கள். நான் கெட்டிலை எடுத்து மேசைமேல் வைத்து, மூக்கு வரைக்கும் வந்தேன். உன் அக்கா அதைத் தூக்கி அடுப்பில் வைத்துவிட்டாள். கத்தரிக்கோலை வைத்தேன், ஒரு விரல் வளையம் வரைவதற்குள் தையல் பெட்டிக்குப் போய்விட்டது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன். அதை எடுத்து என் காலடியிலேயே பெருக்கினாள், காலைத் தூக்கச் சொன்னாள், தூக்கினேன், பென்சில் முனை உடைந்தது. “இந்த வாளியை ரெண்டு நாளைக்கு யாரும் தொடக் கூடாது” என்று ஓர் உத்தரவு போட்டேன். (குளியலறையில் இருந்த ஒரே வாளி.) அடுத்து இஸ்திரிப் பெட்டி. அது சூடாக இருந்தது எனக்குத் தெரியும், ஆனால் தெரியவில்லை. மேசை விரிப்பில் இன்றைக்கும் அதன் படம் இருக்கிறது. என் வாழ்க்கையில் நான் போட்ட படங்களில் அளவு பிசகாத படம் அதுதான்.

மைத்துனா, இந்த வீட்டில் அசையாமல் இருக்கிற பொருள் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாப் பொருளும் உன் அக்கா கையோடு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரே ஒரு நேரம்தான் வீடு நிற்கும். மத்தியானம் மூன்று மணிக்கு அவள் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, செய்தித்தாளை விரிப்பாள். மூன்றே முக்கால் வரைக்கும் பக்கம் திருப்புகிற கையைத் தவிர வேறு எதுவும் அசையாது. எனக்குக் கேட்பதற்காக நடுநடுவே சத்தமாக வாசிப்பாள். ஆறு நாள் கட்டிலில் உட்கார்ந்து அதை வரைந்தேன். நாற்காலி முதுகு, அதற்குமேல் அவள் தோள், கழுத்து, காதில் மாட்டிய கண்ணாடிக் கம்பி, தலை. நாற்காலிக்கு மூன்று கால் தெரிந்தது. மூன்று கால்தான் போட்டேன்.

தலையில்தான் சிக்கல் வந்தது. உன் அக்கா கொண்டை எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று எட்டு லீவர் பித்தளைப் பூட்டு அளவு இருந்தது, கைக்கு அடங்காது. அதைத்தான் முதலில் போட்டேன், பார்க்காமலே போட்டேன். போட்டுவிட்டு நிமிர்ந்தால், எதிரே அலமாரிக் கதவுக் குமிழ் அளவில் ஒரு கொண்டை இருக்கிறது. டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. அழித்தேன். தெரிவதைப் போட்டேன். எப்போது அது இவ்வளவு சின்னதாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். குடைக்குத் தேதி தெரியும், பொத்தானுக்குத் தேதி தெரியும், இதற்கு என்னிடம் தேதி இல்லை. ( )

இப்போது பேனா ஒரு பிறை போட்டு உடனே எதிர்ப்பிறையும் போட்டுவிட்டது. நடுவில் ஒன்றும் எழுதின மாதிரி தெரியவில்லை. இருக்கட்டும்.

கொண்டைக்கு மேலே, உச்சியில், முடி இல்லாமல் ஓர் இடம் இருந்தது. அரை அங்குல வாஷர் அளவு. (கால் அங்குலம்.) தெரிந்தது, போட்டேன். அதைச் சுற்றி முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுவரை போட்டேன். சனிக்கிழமை கொண்டு போய்க் காட்டியதும் டீச்சர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனாள். பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஐயா, இது போதும்” என்றாள் அந்தப் பெண். எது போதும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது.

கண்காட்சியை ஒரு வியாழக்கிழமை திறந்தார்கள். “வா, உனக்கு ஒரு பொருள் காட்டறேன்” என்று உன் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். என் வாயாலேயே ‘பொருள்’ என்று சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. சுவரில் இருபத்திரண்டு படம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே அளவில் ஓர் அட்டை. என் படத்துக்குக் கீழே இருந்த அட்டையில் 14 என்ற எண் மட்டும் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் இருந்தது என் பேராக இருக்கும் என்று நினைத்துப் பெருமையாக நின்றேன்.

“யாரு இது?” என்றாள் உன் அக்கா.

“பின்னாலேருந்து பார்த்தா தெரியலையா?”

“நான் என்னைப் பின்னாலேருந்து பார்த்ததே இல்லையே.” கொஞ்சம் கிட்டே போனாள். “உச்சியில என்ன, ரப்பர் பட்டு அழிஞ்சிடுச்சா?”

“அழியலை. இருக்கறதுதான். அரை அங்குலம்” என்றேன். அளவு சரியாகச் சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

அவள் கையைத் தூக்கி உச்சியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து அட்டையை வாசித்தாள். கூடத்தில் உள்ள எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பள்ளிக்கூட ஆபீசில் பேர் கூப்பிடுகிற குரலில் வாசித்தாள்: “அன்றாடப் பொருள். எண் பதினாலு.”

பின்னாலிருந்து பல் டாக்டர், நிலைமை தெரியாமல், “பதிமூணு என்னோட கப்பும்மா” என்றார்.

அந்த அட்டையை வாசித்ததுதான் உன் அக்கா எனக்கு நேராகப் பேசிய கடைசிப் பேச்சு. வீட்டுக்கு வந்து ஒரு கண்ணாடியைக் கையில் பிடித்து, இன்னொரு கண்ணாடிக்கு முதுகைக் காட்டி ஒரு மணி நேரம் நின்றாள். (அரைமணி.) மறுநாள் ரொட்டிக் கடைக்காரர், “அம்மா, உங்களை லைப்ரரியில பார்த்தேன், ரொம்ப நல்லா இருந்தீங்க” என்றாராம். “நான் இன்னிக்கு அங்கே போகவே இல்லையே” என்றாளாம் இவள். “நீங்க இல்லம்மா, உங்க பின்மண்டை” என்றாராம். அன்றிலிருந்து தலையில் துணி கட்டிக்கொண்டுதான் வெளியே போகிறாள். மூன்று மணிக்குச் செய்தித்தாள் படிக்கும்போது நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முதுகைச் சுவரில் அப்பிக்கொண்டு, வாய்க்குள்ளேயே படிக்கிறாள். உலகத்தில் என்ன நடக்கிறது என்று பதினோரு நாளாக எனக்குத் தெரியாது.

அவள் கேட்பது ஒன்றுதான். கேட்டது காலண்டரிடம்: “அந்த இடத்துல பென்சிலால பத்துக் கோடு இழுத்தாப் போதும்னு சொல்லு. நான் பெட்டியைப் பரண்மேல வச்சிடறேன்.” நான் முடியாது என்றேன். தெரியாததை வரையக் கூடாது என்றேன். அதற்கு அவள் காலண்டரிடம் போட்ட கேள்வியைக் கேள்: “மூணு வாரம் தெரியாத காலை இழுத்து இழுத்து வரைஞ்ச ஆளு, எனக்காகத் தெரியாத நாலு முடியை வரையக் கூடாதா? நாற்காலிக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்லையான்னு கேளு.”

காலண்டர் பதில் சொல்லவில்லை. ஆனாலும் நான் ஒரு கோடுகூட இழுக்கப் போவதில்லை. அதை இந்தக் கடிதத்தில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாற்காலி விஷயம் தெரியாத காலத்தில் செய்தது. இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு செய்தால் அது பொய். போன புதன்கிழமைகூட பல்பு வாங்கப் போகும்போது நூலகத்தைத் தாண்டித்தான் போனேன், உள்ளே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடை மூடியிருந்ததால் பல்பு வாங்காமல் வந்தேன். (கடை திறந்திருந்தது. கேட்டுவிட்டேன். போய்வர இவருக்கு இரண்டரை மணி நேரம் ஆனது.) அந்தச் சனிக்கிழமை வகுப்புக்கும் போகவில்லை. பென்சிலை உன் அக்காவின் தையல் பெட்டியில் போட்டுவிட்டேன். வரைதல் எனக்கு முடிந்தது.

‘பொருள்’ என்று அட்டையில் போட்டது என் குற்றம் இல்லை. இருபத்திரண்டுக்கும் அப்படித்தான் அடித்திருந்தார்கள். ஆனாலும் யோசித்துப் பார். அன்றாடப் பொருள் என்றால் என்ன? ஒருநாள்கூட இல்லாமல் முடியாதது. அப்படிப் பார்த்தால் அட்டையில் தப்பு ஒன்றும் இல்லை. (இதைச் சொல்லும்போது இருமினார். மாடி இருமல்காரர் மாதிரி இருமினார்.)

மைத்துனா, இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடிதம் ஏன் இவ்வளவு நீளம் என்று நீ நினைப்பாய். நான் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினால், உன் அக்கா எழுதி முடித்துவிட்டு, பேனாவைத் தூக்கி, “அப்புறம்?” என்று கேட்கிறாள். காலண்டரிடம் இல்லை, கதவிடம் இல்லை. என்னிடம். காலையிலிருந்து எண்பத்தாறு தடவை கேட்டிருக்கிறாள். கடிதத்தை முடித்தால் அதுவும் நின்றுவிடும். அதனால்தான் இருமல்காரர், டப்பா, இஸ்திரிப் பெட்டி என்று வளர்த்தினேன். இனி சொல்ல ஒன்றும் பாக்கி இல்லை. (இந்தப் பத்தியை எழுதலாமா என்று கேட்டேன். எழுது என்றார். எண்பத்தேழு.)

தீர்ப்பைச் சீக்கிரம் எழுது. தெருமுனைத் தபால் பெட்டியின் வாய் வளைந்திருக்கிறது, கடிதம் பாதியில் நிற்கும். அதனால் இதை நூலகத்துக்கு அடுத்த கட்டடத்தில் இருக்கிற தபால் நிலையத்தில்தான் போட வேண்டும் என்று உன் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவளே நேரில் போய்ப் போட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் எல்லாருக்கும் கண்ணும் முழங்காலும் கடைசிவரை ஒத்துழைக்கட்டும். உன் மனைவிக்கு என் அன்பு, மகனுக்கும் மருமகளுக்கும் ஆசிகள், இருமல்காரருக்கு வெந்நீர்.

கையெழுத்து எனக்கு வராது என்பதால் டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி கீழே ஒரு படம் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்
(இது ஆறு பட்டை நட்டு. பூ என்று நினைத்துவிடாதே.)

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. இங்கே அடைப்புக்குறி வேண்டாம், அவர் பக்கத்தில் இல்லை. தபால் நிலையத்து மேசையில் நின்றபடி எழுதுகிறேன். பேனாவைக் குட்டைக் கயிற்றில் கட்டிவைத்திருக்கிறார்கள், எழுத்து ஒரு பக்கமாக இழுத்தால் பொறுத்துக்கொள்.

மேலே உள்ளதை நம்பாதே. கடிதம் போட வந்தவள், கடைசியாக அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஆள் இல்லாவிட்டால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று நூலகத்துக்குள் போனேன். பெரிய பையாகத்தான் கொண்டு வந்திருந்தேன். சுவரில் இருந்தது நான் பார்த்த படம் இல்லை. உச்சியில் இடைவெளி இல்லை. கம்பளி மாதிரி அடர்த்தியாக முடி. கொண்டை எட்டு லீவர் பூட்டு. காதோரம்கூட ஒரு சுருள் தொங்குகிறது. கீழே நாற்காலிக்கு நாலாவது கால், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு. கண்காட்சிக்காக ஆபீசுக்கு லீவு போட்டு மேசையில் உட்கார்ந்திருந்த டீச்சர் எழுந்து வந்தாள். “அம்மா, புதன்கிழமை வந்தார். ‘டீச்சர், நான் இப்போ தெரியாததை வரையப் போறேன், நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க’ன்னார். ரெண்டு மணி நேரம். போகும்போது ‘பாழாப் போச்சு, பரவாயில்லை’ன்னு சொல்லிட்டுப் போனார்” என்றாள்.

நான் ரொம்ப நேரம் பார்த்தேன். அது யார் என்று எனக்குத் தெரியவில்லை. யாரோ ஓர் அழகான பெண். செய்தித்தாள் படிக்கிற மாதிரியே இல்லை.

“டீச்சர், ஒரு ரப்பர் கொடுங்க. நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க” என்றேன். முடியை ஒவ்வொரு கோடாக அழித்தேன். சுருளை எடுத்தேன். கொண்டையைக் குமிழாக்கினேன், அவர் முன்பு போட்ட குமிழ்க் கோடு அடியில் இன்னும் தெரிந்துகொண்டிருந்தது, அதை விட்டுவிட்டு மற்றதை அழித்தேன். வாஷர் திரும்பி வந்தது. கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். அரை அங்குலம்தான். கால் அங்குலம் என்று மேலே எழுதியது என் தப்பு. நாலாவது காலை மட்டும் அழிக்கவில்லை. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அது அங்கே இருக்கட்டும். அதில் உட்கார்ந்திருப்பவள் நான்.

அட்டையை மாற்றித் தரட்டுமா என்று டீச்சர் கேட்டாள். வார்த்தை இருக்கட்டும், எண்ணை மட்டும் மாற்று என்றேன். ஒன்று என்று போட்டுக் கொடுத்தாள். பல் டாக்டர் கப்புக்குப் பக்கத்தில் வரிசை இடிக்கிறது, இடிக்கட்டும்.

குடை விஷயம். பரண்மேல் இருந்து பெட்டியை இறக்கும்போது அதற்குப் பின்னால் இருந்தது. நீ அடுத்த வாரமே என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாய். வைத்த இடம் எனக்கு மறந்துபோயிருக்கிறது. முப்பத்தொரு வருஷமாக உனக்கு விழுந்த பேச்செல்லாம் எனக்கு விழ வேண்டியது. இப்போதைக்கு நீ வாயைத் திறக்காதே. வேறு ஏதாவது பெரிய சண்டைக்கு வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. தீர்ப்பு ஒன்றும் எழுத வேண்டாம். இப்போது வீட்டுக்குப் போய், அவர் எதிரே உட்கார்ந்து, “அப்புறம்?” என்று மட்டும் கேட்கப் போகிறேன். சனிக்கிழமை பென்சிலைத் தையல் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து நானே வகுப்புக்குக் கூட்டிப் போகிறேன். அட்டையில் வார்த்தையைப் படிக்க மாட்டார். எண் தெரியும்.